டிரில் மாஸ்டர் வீட்டு ஜன்னல்

கர்ட்டன்காரருக்குத் தொழிலே மறைப்பதுதான். அடுத்தவர் வீட்டு ஜன்னலை அளந்து, துணி வெட்டி, மனைவியிடம் தைக்கக் கொடுத்து, வளையம் கோத்து மாட்டிவிட்டு வருவார். அளவெடுப்பதும் தைப்பதும் பாதி வேலை. வீட்டுக்குள் பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருப்பது மீதி வேலை. கொடியில் தொங்குவது கண்ணில் படக் கூடாது. கட்டிலில் ஒரே ஒரு தலையணைதான் கிடக்கிறது என்றால், மற்றது எங்கே என்று யோசிக்கக் கூடாது. வெளியே வந்ததும் அத்தனையையும் படிக்கட்டிலேயே உதறிவிட்டு வந்துவிட வேண்டும். இதை அவர் வருஷக்கணக்காகச் செய்துவந்தார். அவரைப் பற்றி ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை.

இப்படிப்பட்ட மனிதரை எல்லாருக்கும் தெரியும்படி ஆக்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது சிறுவணிகர் வெளிச்ச மேம்பாட்டு மையம். அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்பு சிக்கன மேம்பாட்டு மையம் என்று ஒன்று இருந்தது. அது ஒதுக்கிய பணத்தையெல்லாம் செலவழித்துத் தீர்த்த பிறகு மூடப்பட்டது. அதே நாற்காலிகள், அதே அதிகாரிகள், பலகை மட்டும் புதுசு.

மையம் வந்த கையோடு ஒரு விதியும் வந்தது. இனிமேல் கடை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் வெளிச்சச் சான்றிதழ் காட்ட வேண்டும். சான்றிதழ் வேண்டுமானால் சமூக ஊடகத்தில் கடைக்கு ஒரு பக்கம் திறந்து, அதை ஆயிரம் பேராவது பார்த்திருக்க வேண்டும். பார்க்காவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“இத்தனை நாளா நம்ம கடை யாருக்கும் தெரியாமலா இருந்துச்சு?” என்று கேட்டாள் மனைவி.

“தெரியுமாம். ஆனா அது கணக்குல வராதாம்” என்றார் கர்ட்டன்காரர்.

பயிற்சி வகுப்பு உறுதிமொழியோடு தொடங்கியது. எல்லாரும் எழுந்து நின்று வலது கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும்: “நான் தெரிவேன். என் கடை தெரியும். தெரியாதது எதுவும் இல்லாததே.” பூட்டு ரிப்பேர்காரர், மாவு மில்காரர், சவப்பெட்டிக் கடைக்காரர், எல்லாரும் சொன்னார்கள். சவப்பெட்டிக் கடைக்காரரிடம் போன் இல்லை. அவர் வெறும் கையைத் தூக்கியதால் உறுதிமொழி செல்லாது என்று சொல்லி, இரவல் போன் கொடுத்து, எல்லாரையும் முதலிலிருந்து சொல்ல வைத்தார்கள்.

இயக்குநர் வந்து ஒரு உரை ஆற்றினார். சமூக ஊடகம் என்பது கடல் என்றார், வானம் என்றார், கடைசியில் சந்தை என்றார். “நானே அதுல ஒரு பக்கம் வெச்சிருக்கேன். என்னோட ஒவ்வொரு பதிவையும் இந்த மையத்துல வேலை பாக்கிற அத்தனை பேரும் பாத்து விருப்பம் தெரிவிக்கிறாங்க. யாரும் அவங்களைக் கட்டாயப்படுத்தலை. வருகைப் பதிவேட்டையே அந்தப் பக்கத்துலதான் வெச்சிருக்கோம், அவ்வளவுதான்” என்றார். ஊழியர்கள் கை தட்டினார்கள்.

அதன்பிறகு பாடம் நடத்தியவர் பயிற்சியாளர். சின்ன வயசு. கையில் ஒரு போன், பையில் ஒரு போன். எல்லாரையும் வாய் நிறைய அண்ணே, அக்கா என்று கூப்பிடுவார். வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வர வேண்டும், அதுதான் வியாபாரத்தின் உயிர் என்று அவர் விளக்கியபோது சவப்பெட்டிக் கடைக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“எங்க கடைக்கு ஒருத்தருக்கு ஒரு தடவைதான் சார் வருவாங்க.”

“அந்த மனநிலையைத்தான் அண்ணே நாம மாத்தணும்” என்றார் பயிற்சியாளர்.

கர்ட்டன்காரர் வீட்டுக்குப் போய் முதல் வீடியோ எடுத்தார். துணிச் சுருள்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “வணக்கம். இது துணி. இங்க கர்ட்டன் தைத்துத் தரப்படும். நன்றி” என்று சொன்னார். மூன்று பேர் பார்த்தார்கள். ஒருவர் அவர், ஒருவர் மனைவி, மூன்றாவது மச்சான். மச்சான் மட்டும் கீழே ‘சட்டை நல்லா இருக்கு’ என்று எழுதியிருந்தார்.

அடுத்த வகுப்பில் பயிற்சியாளர் அந்த வீடியோவை எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். பார்த்து முடித்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இதுல வலி எங்கண்ணே?”

“முழங்கால்லதான் சார். ஏணி ஏறி ஏறி.”

“அந்த வலி இல்லண்ணே. பாக்கிறவன் நெஞ்சு பதறணும். உங்க வீடியோவைப் பாத்தா துணிதான் தெரியுது.”

விற்பது துணிதானே என்று கர்ட்டன்காரருக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லவில்லை. சொன்னால் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும் என்று பயந்தார்.

வலிக்கு ஒரே வழி ‘முன் - பின்’ வீடியோதான் என்று பயிற்சியாளர் சொன்னார். உங்கள் சரக்கு வருவதற்கு முன் எப்படி இருந்தது, வந்த பின் எப்படி ஆனது. முன் எவ்வளவு கேவலமாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பின் எடுபடும். அதனால் முதலில் நல்ல கேவலமான ஒரு ‘முன்’னைத் தேடிப் பிடியுங்கள், இந்த வாரம் முடிவதற்குள் போடாதவர்களுக்குச் சான்றிதழ் இல்லை என்றார். சவப்பெட்டிக் கடைக்காரர் எழுந்து, தனக்கு முன் எது பின் எது என்று கேட்டார். பயிற்சியாளர் தேநீர் இடைவேளை அறிவித்தார்.

கர்ட்டன்காரரின் கெட்ட நேரம், அந்த வாரம் பார்த்து டீச்சரம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

டீச்சரம்மா பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் அதே பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அவர் விசில் ஊதினால் மைதானத்தில் பையன்கள் நிற்பது இருக்கட்டும், ரோட்டில் போகிற சைக்கிள்காரனே ஒரு காலை ஊன்றி நின்றுவிடுவான். அப்படி விறைப்பாக வாழ்ந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. மூன்றாவது மாடி வீட்டில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு அவரைப் படுக்க வைத்திருந்தார் டீச்சரம்மா. எதிர்க் கட்டடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே குடியிருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் டிரில் படித்தவர்கள். அவர்கள் பால்கனிக்கு வந்தாலே மாஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

“ஜன்னலை மூடுன்னு சொல்றாரு. மூடினா ரூமே இருட்டு. அந்த வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிறது ஒண்ணுதான் அவருக்கு மிச்சம்” என்றார் டீச்சரம்மா. “வெளிச்சம் வரணும். ஆனா யாருக்கும் ஆள் தெரியக் கூடாது. ரெண்டும் நடக்குமா தம்பி?”

“நடக்கும்மா. மெல்லிசுத் துணி ஒண்ணு போட்டா பகல்ல வெளிச்சம் வரும், வெளியிலேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. ராத்திரி லைட்டைப் போட்டீங்கன்னா தெரியும். அதுக்குக் கெட்டித் துணி இன்னொண்ணு பக்கத்துலயே மாட்டிடறேன், இழுத்து விட்டுக்கலாம்.”

டீச்சரம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. மாஸ்டரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வாய் கோணி, பேச்சு குழறியது. இருந்தாலும் அவர் ஏதோ சொல்லிவிட்டு, நல்லாயிருந்த இடது கையைத் தூக்கிக் கர்ட்டன்காரருக்கு வணக்கம் வைத்தார்.

கர்ட்டன்காரர் நாடாவை எடுத்து அகலம் பார்த்தார், உயரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். “அளவுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கிறேம்மா” என்றார். அவர் எப்போதும் எடுப்பதுதான், கம்பி எங்கே வரும் என்று பார்த்துக்கொள்வதற்காக. அன்று எடுத்தது போட்டோ அல்ல, வீடியோ. ஜன்னலை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்தார். ஆனால் ஜன்னலுக்குக் கீழே கட்டில் இருந்தது, கட்டிலில் மாஸ்டர் இருந்தார், அவர் கை இன்னொரு தடவை வணக்கத்துக்கு உயர்ந்தது, வாயோரம் வழிந்ததை டீச்சரம்மா குனிந்து துண்டால் துடைத்தார். எல்லாம் உள்ளே வந்துவிட்டது.

ராத்திரி அதைப் போட்டுப் பார்த்தார். ஆட்கள் வருகிற இடத்தை வெட்டிவிடலாமா என்று யோசித்தார். வெட்டத் தெரியாது என்பது ஒரு காரணம். மறுநாளோடு கெடு முடிகிறது என்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை அவர் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. வீடியோ நன்றாக வந்திருந்தது.

பயிற்சியாளர் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். “அண்ணே! இவ்வளவு நாளா இதை எங்கண்ணே வெச்சிருந்தீங்க?” என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். அவரே உட்கார்ந்து சோகமான வயலின் சேர்த்தார். தலைப்பும் அவரே வைத்தார்: ‘ஜன்னலோரம் சாய்ந்த சிங்கம் - உதவிக்குக் கை நீட்டும் கண்ணீர்க் காட்சி.’

“அது வணக்கம் சார். எனக்கு வணக்கம் வெச்சாரு” என்றார் கர்ட்டன்காரர்.

“பாக்கிறவனுக்கு அது தெரியுமாண்ணே?”

வீடியோவைப் பார்த்தவர்கள் கணக்கு சாயங்காலத்துக்குள் ஆயிரம் தாண்டியது. மறுநாள் லட்சத்தைத் தாண்டியது. ‘ஐயோ, இது எங்க டிரில் மாஸ்டர்!’ என்று ஒருவன் எழுத, அவனுக்குக் கீழே அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த அத்தனை பேரும் வரிசையாக வந்து கண்ணீர் விடும் முகத்தைப் போட்டார்கள். அவரிடம் அடி வாங்கியதை ஒருவன் எழுதினான். கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று இன்னொருவன் எழுதினான். கர்ட்டன் கம்பி என்ன விலை என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கடையில் போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரே நாளில் மூன்று மாத வேலை சேர்ந்தது. கர்ட்டன்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்து ஒரு தரம் சிரித்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் அவர் பட்ட வெட்கத்தில் பெரும்பங்கு அந்தச் சிரிப்புக்குத்தான்.

மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு அன்றுதான் வீடியோவைப் பார்த்தாள். முழுக்கப் பார்த்தாள். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

“அந்த மனுஷனுக்கு வாயைத் துடைச்சு விடுறதையா ஊருக்குக் காட்டுனீங்க?”

“நான் ஜன்னலைத்தான்...”

“என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நேராக மையத்துக்குப் போனார். வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். எல்லாருடைய பக்கத்துக்கும் கடவுச்சொல் மையத்திடம்தான் இருந்தது, பாதுகாப்பைக் கருதி. அதை அழிக்க வேண்டுமானால் வருத்தப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். வருத்தப் பிரிவு அதிகாரி, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னதும், “அவ்வளவு பேர் பாத்ததை அழிச்சா அவ்வளவு பேருக்கும் வருத்தம். உங்க ஒருத்தரோட வருத்தம் எம்மாத்திரம்? பத்து பேர் பாத்திருந்தா உடனே அழிச்சிருப்பேன்” என்றார். பத்துப் பேர் பார்த்ததை அழிக்கச் சொல்லி யாராவது வந்திருக்கிறார்களா என்று கர்ட்டன்காரர் கேட்டார். இதுவரை இல்லை என்று அதிகாரி பெருமையாகச் சொன்னார்.

கடைசியில் இயக்குநரின் அறைக்கு அழைத்துப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் கர்ட்டன்காரரின் கண் பழக்கதோஷத்தில் ஜன்னலுக்குப் போனது. தரையைத் தொடுகிற கெட்டித் துணி, உட்பக்கம் கறுப்பு அடித்துணி வேறு. ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

“எனக்குக் கொஞ்சம் கண் கூசும்” என்றார் இயக்குநர், விளக்கைப் போட்டபடி. “உக்காருங்க. உங்களைப் பத்தித்தான் எல்லாரும் பேசிக்கிறாங்க. உங்களுக்கு மையத்தோட விருது குடுக்கப் போறோம்.”

“சார், எனக்கு விருது வேணாம். அந்தப் பெரியவர் தன்னை யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் கர்ட்டன் கேட்டாரு. அதைப் போய் நான்... அழிச்சுடுங்க சார். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்.”

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். அவர் எதற்கும் நெகிழக்கூடியவர்.

“பாருங்க, ஒருத்தர் மறைஞ்சு இருக்கணும்னு ஆசைப்படறது அவரோட உரிமை. அதை இந்த மையம் தலைவணங்கி மதிக்குது. ஆனா அவர் மறைஞ்சு இருக்க ஆசைப்படறாருங்கிறதே நாலு பேருக்குத் தெரியலைன்னா, அவங்க எப்படி மதிப்பாங்க? முதல்ல தெரியணும். தெரிஞ்சாதானே மதிப்பு! இப்ப அவருக்கு எவ்வளவு மதிப்பு பாருங்க. அவர் படுத்துக்கிட்டே நம்ம மையத்துக்கு இந்த வருஷ இலக்கை முடிச்சுக் குடுத்துட்டாரு. நடமாடறவங்களால முடியலையே!”

அதோடு விடவில்லை. ‘முன்’ வந்துவிட்டது, ‘பின்’ வர வேண்டும், உலகமே அதற்குக் காத்திருக்கிறது என்றார். கர்ட்டனை இலவசமாகக் கொண்டுபோய் மாட்டுங்கள், மாஸ்டர் சிரிக்க வேண்டும், டீச்சரம்மா கும்பிட வேண்டும். அது வந்த மறுநிமிஷம் முதல் வீடியோவை அழித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கர்ட்டன்காரர் அதையும் நம்பினார். வேறு எதை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மனைவி மெல்லிசுத் துணியையும் கெட்டித் துணியையும் ஒரே நாளில் தைத்து முடித்தாள். மடித்துக் கையில் கொடுக்கும்போது, “காசு வாங்கிடாதீங்க” என்றாள்.

டீச்சரம்மா வீட்டுத் தெருவில் கூட்டம் நின்றிருந்தது. பெரிய கூட்டமில்லை, வருவார்கள், அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்ப்பார்கள், முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஜன்னலோடு தங்களைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஜன்னல் கதவுகள் சாத்தியிருந்தன. கூட வந்த பயிற்சியாளரிடம் கர்ட்டன்காரர் கெஞ்சிக் கூத்தாடி, அவரைப் படிக்கட்டின் அடியிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக மேலே ஏறினார். முதலில் பேசிச் சம்மதம் வாங்கிக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தார். உண்மையில் மன்னிப்புக் கேட்கத்தான் போனார். என்ன சொல்வது என்று ஒவ்வொரு படியிலும் ஒன்றை யோசித்து, அடுத்த படியில் அது சரியில்லை என்று விட்டார்.

டீச்சரம்மா கதவைத் திறந்தார். திட்டுவார் என்று கர்ட்டன்காரர் நினைத்திருந்தார். அவர் வாங்க தம்பி என்றுதான் சொன்னார்.

ஜன்னலோரத்தில் கட்டில் இல்லை. கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்துக் கிடந்தது.

“சாமான் ரூமுக்கு மாத்திட்டேன்” என்றார் டீச்சரம்மா. “அங்கதான் ஜன்னலே கிடையாது. கர்ட்டன் தேவைப்படாது தம்பி. கூலி எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க, தந்துடறேன்.”

“ஐயோ, காசெல்லாம் வேணாம்மா. நான் வந்து... அம்மா, நான்...”

சாமான் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே குண்டு பல்பு ஒன்று எரிந்தது. மூட்டைகளுக்கும் பழைய பெட்டிகளுக்கும் நடுவில் கட்டிலைச் செருகியிருந்தார்கள். மாஸ்டர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். வாசல் பக்கம் கண்ணைத் திருப்பி, வந்திருப்பது யார் என்று பார்த்தார். பார்த்ததும் அந்த இடது கை மெல்ல அசைந்தது. கர்ட்டன்காரர் தன்னையறியாமல் கும்பிடக் கையைத் தூக்கிவிட்டார். மாஸ்டரின் கை போர்வையின் நுனியைத் தேடிப் பிடித்தது. இழுக்க வரவில்லை. மறுபடி இழுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டார்.

டீச்சரம்மா போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அளவுக்குன்னுதானே தம்பி சொன்னீங்க?” என்று கேட்டார்.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போலக் கேட்டார். பதில் வரும் என்று கொஞ்ச நேரம் காத்துக்கொண்டும் இருந்தார். மன்னிப்பு என்று கர்ட்டன்காரர் சேர்த்து வைத்திருந்த எதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, துணி மடிப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தார். பின்னால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அப்படியே படியில் உட்கார்ந்தார். அழுகை வந்துவிட்டது. அவர் அழுது பல வருஷம் ஆகியிருந்ததால் எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. மூக்கு ஒழுகியது, வாய் கோணிக்கொண்டது, துடைக்கக் கை போகவில்லை.

அழுகைச் சத்தம் கேட்டுப் பயிற்சியாளர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். வந்தவர் திருப்பத்தில் நின்றார். கண்கள் விரிந்தன. ஒரு போனைத் தூக்கினார். அது போதாது என்று பையிலிருந்து இன்னொரு போனையும் எடுத்தார்.

“அண்ணே, அப்படியே இருங்க. அசல்ணே இது! நேரலை போட்டுட்டேன். கையை மட்டும் கொஞ்சம் எடுங்க, முகம் விழலை.”

“வேணாம் தம்பி. எடுக்காதீங்க.”

“அதையே கேமராவைப் பாத்துச் சொல்லுங்கண்ணே!”

கர்ட்டன்காரர் சுவர்ப் பக்கம் திரும்பினார். பயிற்சியாளரும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். மேலே டீச்சரம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, கீழே தெருவில் ஆட்கள் நின்றார்கள். மடியில் இருந்த துணியின் மடிப்பு கலைந்தது. மெல்லிசுத் துணியை உதறி விரித்து, அந்த ஐம்பது வயசு மனிதர் அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு முழங்காலில் முகத்தைப் புதைத்தார்.

“அருமை! அருமை!” என்று பயிற்சியாளர் கத்தினார். “‘பின்’ கிடைச்சுடுச்சுண்ணே! அசையாதீங்க, பாக்கிறவங்க ஏறிக்கிட்டே போறாங்க!”

துணிக்குள் வெளிச்சம் வந்தது. வெளியிலேருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று டீச்சரம்மாவிடம் தான் சொன்னது பகலுக்கு மட்டுந்தான், உள்ளே விளக்கைப் போட்டால் தெரியும். பயிற்சியாளர் ஒரு போனில் விளக்கைப் போட்டுத் துணிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, முகம் தெரிகிறதா என்று மற்ற போனோடு இன்னும் கிட்டே வந்தார்.